ஒன்றரை மீட்டர் ஒயர்

நீல முனை யாருக்கு என்பதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

கூடத்தின் நடுவில் இரண்டு ஸ்டூல்கள் முதுகோடு முதுகாகப் போடப்பட்டிருந்தன. பக்கத்தில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பழம், இரண்டு பழைய விளையாட்டுப் பெட்டிகள். செங்கல் கனம், சாம்பல் நிறம், பாசிப்பச்சையில் ஒரு சின்னத் திரை, இடது கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி போல ஒரு விசை, வலதுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இணைக்க ஒன்றரை மீட்டர் கறுப்பு ஒயர். அதன் ஒரு முனை நீலம், மறுமுனை சாம்பல். நீல முனை செருகிய பெட்டியில் இருப்பவர்தான் முதல் ஆட்டக்காரர். அவர் தொடங்கினால்தான் ஆட்டம் தொடங்கும்.

"நீலம் மாப்பிள்ளைக்குத்தான்," என்றார் ரத்தினசபாபதி. மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "வத்தலக்குண்டுல எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"இது திண்டுக்கல்லுங்க," என்றாள் பெண்ணின் தாய் வேலம்மா.

இருவரும் தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். ஒயர்க்காரர் அவர்தான். பதினோரு வருடமாக இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தச் சாதியில், எந்த மதத்தில் பெண் பார்த்தாலும் பஜ்ஜிக்கு அடுத்தபடி வரவேண்டியவர் அவர்.

"சார், நீலத்துல மரியாதை ஒண்ணும் இல்ல," என்றார் தனிஸ்லாஸ். "சொல்லப்போனா நீலத்துக்குத்தான் பேட்டரி சீக்கிரம் தீரும்."

ரத்தினசபாபதி ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப எங்களுக்குச் சாம்பலே குடுங்க."

"அது எப்படிங்க, நல்லதா நீங்களே எடுத்துக்கிட்டா?" என்றாள் வேலம்மா.

பெண் எழுந்து வந்தாள். மங்கையர்க்கரசி, வீட்டில் அரசி. முப்பத்தொரு வயது, நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நீல முனையை எடுத்துத் தன் பெட்டியில் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு இது எட்டாவது ஒயர். முதல் ஏழிலும் படகு கவிழ்ந்திருந்தது.

தனிஸ்லாஸ் வழக்கமான உரையைத் தொடங்கினார். இதைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் ஒயர் போட்டதில்லை.

"எல்லாரும் பாத்துக்குங்க. இந்தப் பெட்டி நான் பொறக்குறதுக்கு முந்தி செஞ்சது. இதுக்கு நெட்டு கெடையாது. காது கெடையாது, கண்ணு கெடையாது. இது யாரையும் படிக்காது, யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுக்காது. உள்ள இருக்குறது ஒரு படகு, ஒரு ஆறு. ஆளுக்கு ஒரு துடுப்பு. அவங்கவங்க பக்கத்து ஆறுதான் அவங்கவங்க திரையில தெரியும். ரெண்டு பேரும் ஒத்துப் போட்டா படகு நேராப் போகும். ஒருத்தர் மீனைப் புடிக்கத் தாவுனா சாயும். சுழி வந்தா ஒருத்தர் நிக்கணும், ஒருத்தர் திருப்பணும். யார் நிக்குறா, யார் தாவுறா, பெரியவங்க பாத்துக்குங்க. காதுப்பூச்சி போட்டிருந்தா போட்டுக்கிட்டே இருக்கலாம். அது சொல்லி, இவங்க கேட்டு, வெரலுக்கு வர்றதுக்குள்ள பாறை வந்துரும். வாயி பொய் சொல்லும், வெரலு சொல்லாது."

அப்போதெல்லாம் எல்லார் போனிலும் ஒரு பதிலி இருந்தது. உங்கள் முகம், உங்கள் குரல், உங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் பொறுமை. நீங்கள் தூங்கும்போது அது பேசும். ஒட்டன்சத்திரத்தில் ஒரு ஜோடி நான்கு மாதம் வீடியோவில் உருகி உருகிப் பேசிக் கல்யாணமும் முடிந்தது. அன்று மாலைதான் தெரிந்தது, இரண்டு பேருமே பதிலியை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறார்கள் என்று. பதிலிகள் இரண்டும் உயிருக்கு உயிரான காதலில் இருந்தன. மனிதர்கள் இரண்டு பேருக்கும் சாப்பாட்டில் தேங்காய் போடுவது பற்றிக்கூட ஒத்துப்போகவில்லை. சரி, நேரில் உட்காரவைத்துப் பேசவிடலாம் என்றால், பேசவேண்டியதைக் காதுக்குள்ளேயே ஓதும் காதுப்பூச்சி அரிசிமணி அளவில் வந்துவிட்டது. பையன் வாயைத் திறந்தால் தேன். பூச்சியைக் கழற்றினால் பேந்தப் பேந்த விழிப்பான்.

அந்தச் சமயத்தில்தான் தனிஸ்லாஸ் தன் பரணிலிருந்து இந்தப் பெட்டிகளை இறக்கினார். இன்று அவற்றில் சந்தனம், குங்குமம் வைக்காத வீடு கிடையாது. பேட்டரி மூடிக்கு உள்புறம் அவரே ஒட்டிய அந்தோணியார் படம் வேறு.

ஒயர் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக இரண்டு திரையிலும் கைகோத்த இரண்டு குச்சி மனிதர்கள் தோன்றினார்கள். அரசி தொடக்கப் பொத்தானை அழுத்தினாள்.

படகு அழகாகப் போனது. பாறைகளைத் தாண்டியது. சுழியில் நின்றது, திரும்பியது. முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்த வேலம்மா அதை மெல்ல விட்டாள். அரசியின் பெட்டியில் கரை சேர்ந்த மணி அடித்தது. ஏழெட்டு நொடி கழித்து மாப்பிள்ளை குமரகுருவின் பெட்டியிலும் அடித்தது. கூடமே கை தட்டியது.

கொஞ்ச நாளாகவே இரண்டு மணியும் சேர்ந்து அடிப்பதில்லை. தனிஸ்லாஸ் இரண்டு தடவை பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டார்.

"பேஷ்," என்றார் ரத்தினசபாபதி. "இதுக்கு மேல என்ன வேணும்?"

அரசி பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"அந்தப் பக்கம் ஆளே இல்ல," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ரத்தினசபாபதி தன் மகனைப் பார்த்தார். அவன் ஸ்டூலில்தான் இருந்தான்.

"ஆள் இல்லாமயா? இது யாரு, அட்டைப் பொம்மையா?"

"இவர் இருக்காரு. ஆனா நான் இவரோட ஆடல. என்னோடயே ஆடுனேன். ஒயர்ல என்னமோ கோளாறு."

கூடத்தில் பல நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. என் மகனை ஆளே இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் என்றார் ரத்தினசபாபதி. ஏழு தடவை கவுத்தவளுக்குக் கரை சேர்ந்தது பொறுக்கவில்லை என்றாள் யாரோ ஒரு அத்தை. வேலம்மா, "ஏன்டி இப்படி?" என்று மட்டும் கேட்டாள். குமரகுரு வாயைத் திறக்கவில்லை.

எல்லாரும் கடைசியில் தனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒயர் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "பதினோரு வருஷமா இருக்கு."

வாசலில் அவர் வண்டியை எடுக்கும்போது அரசி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம். நான் எட்டாவது துடுப்புல வேணும்னே ஒண்ணு விட்டேன். ஒரு மூச்சு கழிச்சு அந்தப் பக்கமும் ஒண்ணு விட்டுச்சு. அப்பறம் அஞ்சு துடுப்பு தள்ளி விட்டேன். அதுவும் அஞ்சு தள்ளி விட்டுச்சு. பத்து வருஷமா மில்லுல மெஷின் சத்தம் கேக்குறேன். எது தானா ஓடுது, எது இன்னொண்ணைப் பாத்து ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

"ஏம்மா, நல்லபடியா முடிஞ்சதை எதுக்குக் கெடுக்குற?"

"நல்லபடியா முடிஞ்சா சந்தோசம்தான். யாரோட முடிஞ்சுச்சுன்னு கேக்குறேன்."

தனிஸ்லாஸ் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் அவருக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் அவள்மேல் இல்லை. சின்ன வயதில், கூட விளையாட ஆள் இல்லாத ஒரு கோடை விடுமுறை முழுக்க, அவர் இந்த ஆட்டத்தைத் தனியாக ஆடியிருக்கிறார். மறுமுனையிலிருந்து சேதி வராவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாதென்று அந்தக் காலத்துப் புண்ணியவான் எவனோ உள்ளே ஒரு ஏற்பாடு செய்திருந்தான். பெட்டியே மறு துடுப்பைப் போடும். அதற்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. நீங்கள் போட்டதையே கொஞ்சம் பிந்திப் போடும்; சுழியில் அந்தப் பிந்தலே போதும், ஒருவர் நிற்க மற்றவர் திருப்பியதாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்றால் படகு நேராகத்தான் போகும்.

இதை அவர் தன் உரையில் ஒருநாளும் சொன்னதில்லை. ஒயர் இருக்கும்போது அது எதற்கு?

மூன்றாம் நாள் வேலம்மா கடைக்கு வந்தாள். கடை என்றால் பழைய ரேடியோ, பழைய பெட்டி, பழைய போன் பழுது பார்க்கும் ஒரு அறை. அவள் உட்காரவில்லை.

"வத்தலக்குண்டுக்காரங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்கண்ணே. பொண்ணுக்கு மூளை கலங்கிருச்சாம். யாருமே இல்லாத எடத்துல யாரோட பேசுறா, யாரோட ஆடுறான்னே அவளுக்குத் தெரியலையாம். மில்லுல மேனேஜரு கூப்புட்டு, ஒரு மாசம் லீவு போட்டு டாக்டரைப் பாத்துட்டு வாம்மான்னு சொல்லிருக்காரு. மெஷின்கிட்ட அவளை விடப் பயமா இருக்காம்."

"அரசி என்ன சொல்லுது?"

"ஒயரைச் சோதிங்கன்னு சொல்லுது. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது." வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க வாயால ஒண்ணு சொல்லுங்க. அவ சொல்றது நெசமா, இல்ல எம்மகளுக்குக் கிறுக்கா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்."

அவள் போனபின் தனிஸ்லாஸ் கடைக் கதவைச் சாத்திவிட்டு, சாம்பல் முனையின் மூடியைத் திருகிக் கழற்றினார்.

உள்ளே மெல்லிய இழைகள். ஒயர் செருகியிருக்கிறது என்றும் ஆட்டம் தொடங்கிவிட்டது என்றும் பெட்டிக்குச் சொல்லும் இழை முழுசாக இருந்தது. அதனால்தான் குச்சி மனிதர்கள் தவறாமல் கைகோத்தார்கள். சேதி போகும் இழையும் வரும் இழையும் வெட்டப்பட்டிருந்தன. அறுந்து போகவில்லை, வெட்டப்பட்டிருந்தன. பல்லால் கடித்ததோ தேய்ந்ததோ அல்ல. நகவெட்டியால் நறுக்கியதுபோல் சுத்தமான வெட்டு. வெட்டியபின் அழகாக டேப் சுற்றி, மூடியையும் பொறுப்பாகத் திருகிவைத்திருந்தார்கள்.

எந்த இழை எது என்று திண்டுக்கல்லில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் தனிஸ்லாஸ்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மணிச் சத்தங்களை நினைவில் பின்னோக்கி ஓட்டினார். நத்தத்து ஜோடி, நிலக்கோட்டை ஜோடி, பழனி ரோட்டு டாக்டர் பையன். எல்லாவற்றிலும் இரண்டு மணிகள். கடைசியாக ஒரே மணியாகக் கேட்டது ஏழு வாரத்துக்கு முன்பு. அதற்கு அடுத்தது அவர் வீட்டில் போட்ட ஒயர். அவருடைய மகள் பிலோமிக்கும் எட்வினுக்கும். அதற்குப்பின் அரசியை விட்டால் ஒன்பது வீடு. வழக்கமாகப் பத்துக்கு நாலு கரை சேர்ந்தால் பெரிது. இந்த ஒன்பதும் சேர்ந்திருந்தன. ஊரில் அவருக்குக் கைராசி கூடிவிட்டது என்று பேச்சு. அவரும் அதை மறுக்கவில்லை.

வீட்டில் பிலோமி கல்யாணப் பத்திரிகையின் மாதிரியில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா கோயிலில் அவளுக்கும் எட்வினுக்கும் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது, வருகிற ஞாயிறு. மூன்று தடவை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு, யாரும் சொல்லாவிட்டால்தான் கல்யாண மந்திரிப்பு.

தனிஸ்லாஸ் ஒயரை மேசைமேல் வைத்தார்.

"நகவெட்டியா?"

பிலோமி நிமிரவில்லை. "ஆமாப்பா. கத்தியில சரியா வரல."

"எதுக்குடி?"

"எட்வினுக்குத் தாளம் வராதுப்பா. கோயில் பாட்டுக்குக் கை தட்டச் சொன்னா பக்கத்துல நிக்குறவர் முதுகுல தட்டுவான். ரெண்டு வருசமா பழகுறோம். நல்ல ஒயர் போட்டா மூணாவது பாறையிலேயே எங்களை முக்கியிருப்பான்."

"அப்ப ஒயரே வேணாம்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீங்கதான், என் வீட்லயே போடலைன்னா மத்த வீட்ல எந்த மூஞ்சியோட போடுவேன்னு கேட்டீங்க."

கேட்டிருந்தார்.

"சரி, வெட்டுன. மறுநா ஒட்டிருக்கலாம்ல?"

பிலோமி இப்போதுதான் நிமிர்ந்தாள். "மறந்துட்டேன்பா."

"மறந்துட்டியா?"

"மறுநாளே பூ வைக்க வந்துட்டாங்க. அப்பறம் சேலை எடுக்கப் போனோம். சத்தியமா மறந்துட்டேன்."

"ஒன்பது கல்யாணம்டி."

"ஒன்பதும் சரின்னு ஆயிருச்சா?"

"ஒன்பதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவர் அரசியைப் பற்றிச் சொன்னார். துடுப்பை விட்டு விட்டுப் பார்த்தது, மேனேஜர் டாக்டரிடம் போகச் சொன்னது, வேலம்மா கடையில் நின்றுகொண்டே பேசியது எல்லாம். பிலோமி பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"அந்தக்கா ஒருத்திதான் கண்டுபுடிச்சிருக்கா," என்றாள்.

"ஆமா. அதுக்கு அவளுக்குக் கெடச்ச பேரு கிறுக்கு."

"போயிச் சொல்லிருங்கப்பா."

"சொன்னா எட்வின் வீட்டுக்கும் போகும். ஒயர்க்காரன் தன் மகளுக்கே ஏமாத்திப் போட்டான்னுதான் பேசுவாங்க. ஞாயித்துக்கிழமை ஓலை நிக்கலாம்."

"நிக்கலாம்," என்றாள் பிலோமி. கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த ஒயரை விரலால் உருட்டினாள். "என் படகு தேறணும்னு அவளை முக்க முடியுமா? நானும் வர்றேன்."

"நீ வராத. ரெண்டு பேர் மேல எரியறதுக்கு ஒருத்தர் மேல எரியட்டும்."

சனிக்கிழமை காலை அரசி வீட்டுக் கூடத்தில் அதே நாற்காலிகள். பஜ்ஜி இல்லை. ரத்தினசபாபதி தம்பியோடு வந்திருந்தார். மகனை அழைத்துவரவில்லை. "அவனுக்கு எதுக்கு இந்த அசிங்கம்?" என்றார்.

தனிஸ்லாஸ் அன்று உரை நிகழ்த்தவில்லை. மூடியைக் கழற்றி, இழைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு சொன்னது நெசம். அன்னிக்கு ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் ஆடுனாங்க. சேதி வரலைன்னா பெட்டி நாம போட்டதையே திரும்பப் போடும். அது எனக்கு முன்னாடியே தெரியும். ஒயரை நான் சோதிக்கல. வெட்டுனது என் வீட்ல. ஆள் யாருன்னு கேக்காதீங்க, நானுன்னு வச்சுக்குங்க."

வேலம்மா மகளைப் பார்த்தாள். அரசி எழுந்து வந்து, குனிந்து, வெட்டப்பட்ட இழைகளைப் பார்த்தாள். மில்லில் பழுதான பாகத்தைப் பார்ப்பதுபோல.

"சுத்தமான வெட்டு," என்றாள்.

ரத்தினசபாபதி நெற்றியைத் தடவிக்கொண்டார். கோபப்படுவார் என்று தனிஸ்லாஸ் எதிர்பார்த்திருந்தார். அவரோ குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்யா, இதைப் பேட்டரிக் கோளாறுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சார்?"

"என் தம்பி மகளுக்குப் போன மாசம் நீங்கதான் போட்டீங்க. நத்தத்துல. மண்டபம் பேசியாச்சு. இப்ப நாங்க என்னன்னு சொல்றது?"

"நெசத்தைச் சொல்லுங்க சார்."

"வாத்தியாரா இருந்தவன்யா நான். நெசத்தை எங்க சொல்லணும்னு எனக்குத் தெரியாதா?"

 தம்பி எழுந்தார். "ஒயர்க்காரரே, எங்க வீட்டைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல. எங்க காதுலயும் ஒண்ணும் விழல. சரியா?"

வாசலில் செருப்பு மாட்டும்போது ரத்தினசபாபதி திரும்பி அரசியிடம், "ஒன்னைக் கிறுக்குன்னு நாங்க சொல்லலம்மா. ஊர்தான் சொல்லுச்சு," என்றார்.

"ஊருக்கு யாரு சார் சொன்னா?" என்றாள் அரசி.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார். அன்று மதியமே மில் மேனேஜருக்குத் தனிஸ்லாஸ் நேரில் போய்ச் சொன்னார். மேனேஜர் திங்கட்கிழமையிலிருந்து அரசியை வரச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாம் சொன்னார்.

சேதி போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனது. ஒன்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்து கடையை உடைப்பார்கள் என்று தனிஸ்லாஸ் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. போன்தான் வந்தது. ஏழு வீட்டார் ரத்தினசபாபதி தம்பியின் வார்த்தைகளையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், ஜாதகமும் பார்த்திருக்கிறோம், கவலைப்படாதீர்கள் என்று இவருக்கே ஆறுதல் சொன்னார்.

நிலக்கோட்டைப் பெண் மட்டும் தானே பேசினாள். அவள் கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அண்ணே, பதிலி இல்ல, நான்தான் பேசுறேன். ரெண்டாவது சுழி இருக்குல்ல. அங்க நான் தடுமாறி நின்னப்ப அவரும் நின்னாரு. அதைப் பாத்துத்தான் நான் சரின்னு சொன்னேன். அது அவர் இல்லையா?"

தனிஸ்லாஸுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது.

"இல்லம்மா. நீ நின்ன. அதனால அதுவும் நின்னுச்சு. அது நீதான்."



"அதான் பாத்தேன்," என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அந்த இரண்டு சொல் அவரை ஒரு வாரம் சாப்பிடவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலைத் திருப்பலியில் சாமியார் ஓலை வாசித்தார். மூன்றாம் முறை. எட்வின், பிலோமி என்று பெயர்கள் ஒலிபெருக்கியில் வந்தன. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். எட்வினின் அம்மா இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்து திரும்பித் தனிஸ்லாஸைப் பார்த்தாள். நீண்ட பார்வை. பிலோமி அப்பாவின் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். யாரும் எழவில்லை. பிறகு பாட்டு தொடங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு ஜோடிக் கை மட்டும் எல்லாரும் ஓய்ந்தபின் இரண்டு தட்டு தட்டி நின்றது.

திருப்பலி முடிந்து எட்வினின் அம்மா நேராக அவரிடம் வந்தாள்.

"சம்பந்தி, அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான். எம்மகன் அம்புட்டு அழகா ஆடுனானேன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன்."

"சொல்லிருக்கலாம்ல சம்பந்தி?"

"நானா? அவனைத் தள்ளிவிட வழியில்லாம முப்பது வருசம் வச்சிருக்கேன். நான் எதுக்குச் சொல்றேன்?"

அடுத்த வாரம் தனிஸ்லாஸ் இழைகளைப் பற்றவைத்தார். அதற்குள் வேறு மாதிரி போன்கள் வரத் தொடங்கியிருந்தன. பேச்சு சுற்றி வளைத்து ஒரே இடத்தில் முடியும்.

"அண்ணே, வர்ற புதன் ஒயர் போடணும். ஆமா, நல்ல எடம். விட்டா கெடைக்காது. அந்த ஒயரு இருக்குல்ல?"

"எந்த ஒயரு?"

"அதாண்ணே. எல்லாருக்கும் கரை சேருமே, அந்த ஒயரு."

"அதை ஒட்டிட்டேன்."

"அட, ஏண்ணே? நல்லா இருந்த ஒயரை."

ஐந்தாவது ஆள் இப்படிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். பழனியிலிருந்து ஒருவர் அதே மாதிரி வெட்டி இன்னொன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும், பக்கத்து ஊரில் ஒருவன் செய்து தருகிறானாம் என்று தகவலும் சொன்னார். தனிஸ்லாஸின் பெட்டிகள் மூன்று வாரம் தாம்பாளம் ஏறவில்லை. குங்குமம் காய்ந்து உதிர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அரசி கடைக்கு வந்தாள். மில் சீருடை, தலையில் இன்னும் பஞ்சுத் தூசி.

"ஒயர் ஒட்டியாச்சாண்ணே?"

"ஆச்சும்மா. யாருக்கு வேணும்? எல்லாரும் ஒட்டாததைத்தான் கேக்குறாங்க."

"எனக்கு ஒட்டுனதுதான் வேணும். கொஞ்சம் இருங்க, வருவாரு. நேர்ல ஒண்ணு சொல்லணும்னு ஆள் விட்டாரு, இங்க வரச் சொன்னேன்."

கால் மணி நேரத்தில் குமரகுரு வந்தான். கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. சட்டைப் பையில் மாட்டுக்கான வெப்பமானி துருத்திக்கொண்டிருந்தது. கடைக்குள் வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தான்.

"அண்ணே, அன்னிக்கு எனக்கும் தெரிஞ்சுச்சு," என்றான். "எனக்குத் துடுப்பே போட வரல. எல்லாம் தப்பு. பாத்தா அந்தப் பக்கமும் அதே தப்பு. என்னை மாதிரியே தப்புப் பண்ற இன்னொரு ஆள் உலகத்துல இருக்க முடியாதுன்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏன் சார் வாயைத் தொறக்கல?" என்றாள் அரசி.

"அப்பா பக்கத்துல நின்னாரு."

"ஒங்களுக்கு வயசு என்ன?"

"முப்பத்திமூணு. அப்பாவுக்கு அறுபத்தெட்டு. இன்னும் பக்கத்துலதான் நிக்குறாரு." அவன் வெப்பமானியைப் பைக்குள் அழுத்தினான். "இன்னிக்கு வத்தலக்குண்டுல ஒரு கூட்டம். அங்க நிக்குறாரு. அதான் வந்தேன். ஒங்களைக் கிறுக்குன்னு சொன்னப்ப நான் சும்மா இருந்தேன். அதைச் சொல்லிட்டுப் போகணும்னுதான். மத்தபடி ஒண்ணும் இல்ல."

"போன்ல சொல்லிருக்கலாமே?"

"போன்ல சொன்னா என் பதிலி சொன்னதா நெனைப்பீங்க."

அரசி ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஒக்காருங்க," என்றாள்.

கடையில் ஒரு ஸ்டூல், ஒரு கவிழ்த்த பெட்டி. முதுகோடு முதுகு போட இடமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள், முழங்கால் இடிக்காமல் பார்த்துக்கொண்டு. தனிஸ்லாஸ் புது பேட்டரி போட்டுப் பெட்டிகளை நீட்டினார்.

"நீலம் யாருக்கு?"

"யாருக்கோ. ஆரம்பிங்கண்ணே," என்றாள் அரசி.

அவர் மேசைக்குத் திரும்பி, பழைய ரேடியோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். பார்க்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தார். காதை மூட வழியில்லை. பொத்தான்கள் கடகடத்தன. ஒருவர் வேகம், ஒருவர் மந்தம். "பாறை, பாறை," என்றாள் அரசி. "எனக்குத் தெரியலையே, அது ஒங்க பக்கம்," என்றான் குமரகுரு. "மீனுக்குத் தாவாதீங்க." "நான் தாவல, கை வழுக்கிருச்சு." "நில்லுங்க." "நின்னுட்டேன்." "இப்ப இல்ல."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. படகு கவிழும் சத்தம் வந்தது. கீழ் சுருதியில் இறங்கி மூழ்குகிற ஒரு நாராசம். பதினோரு வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் தனிஸ்லாஸ் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நீங்கதான்," என்றாள் அரசி.

"நீங்கதான்," என்றான் குமரகுரு.

தனிஸ்லாஸ் தலையைத் தூக்கவில்லை. இரண்டு பெட்டியிலிருந்தும் அது ஒரே சத்தமாக வந்திருந்தது.